வாளிக்குள் இறங்கிய குண்டுவிமானம்

வெள்ளவத்தை,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மதிப்பும் மிக்க சிவபாலன் மாமாவுக்கு,

மருமகன் மிதுஷன் எழுதுவது. நானும் அம்மாவும் உடம்பளவில் சுகம். நீங்களும் மாமியும் ஜெர்மனிக் குளிரில் எங்களைவிடச் சுகமாக இருக்கவேண்டும். உங்கள் முழங்கால் எப்படி? மரியாதைக்காக மட்டும் கேட்கவில்லை. காரணம் கீழே வரும்.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் இரண்டு அறைகள். ஒன்றில் அம்மா இருக்கிறார். மற்றதில் அம்மாவின் காது இருக்கிறது. ஆகவே எழுதுகிறேன். முடிந்ததும் தாள்களைப் படமெடுத்து மாமியின் வட்ஸ்அப்புக்கு அனுப்புவேன். படமெடுத்து வைப்பது எவ்வளவு முக்கியம் என்று இந்த வாரம்தான் விளங்கியது.

உங்கள் பொதி போன வாரம் கிடைத்தது. உள்ளே இரண்டு மண்ணிற உறைகள். ஒன்றில் பீரங்கியின் அளவுகள். நூதனசாலைக் காவலாளி மற்றப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்து, மாமியின் தையல் நாடாவால் நீங்கள் அளந்து, வீட்டுக்கு வந்து நீல மையில் வரைந்த நான்கு தாள்கள். வேறு பிரதி இல்லை. மற்ற உறையில் உங்கள் நண்பரின் மகள் சாருஜாவின் சாதகக் குறிப்பு. அங்கே கணினியில் எடுத்தது, முழுக்க ஜெர்மன் மொழி, உங்கள் அக்காவிடம் கொடுக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். இன்னும் கொடுக்கவில்லை. அப்படியொன்று வந்ததென்றே அம்மாவிடம் சொல்லவில்லை. அது பத்திரமாக இருக்கிறது. அதைப் பற்றி இப்போதைக்கு அவ்வளவுதான்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் மூன்று தடவை கேட்டுவிட்டீர்கள். மூன்று தடவையும் ‘கம்பியூட்டர்’ என்றேன். உண்மை இதுதான். ஒரு சண்டை விளையாட்டு. பழைய போர்விமானங்களைக் கணினியில் ஓட்டி உலகமெல்லாம் இருப்பவர்கள் ஒருவரையொருவர் சுட்டு விழுத்துவார்கள். அதில் இல்லாத ஒரு விமானத்தை யாரும் செய்து கொடுக்கலாம். ஏற்றுக்கொண்டால் உள்ளே சேர்ப்பார்கள். நான் எடுத்தது 1918ஆம் ஆண்டு ஜெர்மன் குண்டுவிமானம். இரண்டடுக்கு இறக்கை, இரண்டு எஞ்சின், மூக்கில் இருபது மில்லிமீற்றர் பீரங்கி. ஏன் அது? வேறு யாரும் எடுக்கவில்லை. அதைவிட நல்ல காரணம் என்னிடம் இல்லை. இரண்டு வருடமாகச் செய்கிறேன். இப்போது விளையாட்டுக் கம்பனிக்காரர் எழுதியிருக்கிறார்கள். பீரங்கியோடு வந்தால் விமானமும் உள்ளே, நிரந்தர வேலையில் நானும் உள்ளே. ஆனால் பீரங்கியை அளந்த ஆதாரம் வெள்ளிக்கிழமைக்கு முன் வேண்டும். ஆதாரம் இல்லையென்றால் பீரங்கி இல்லை. பீரங்கி இல்லாவிட்டால் அது துணி போர்த்த வாங்குப் பலகை. வாங்குக்கு அவர்களிடம் இடமில்லை. எனக்கும்.

அம்மாவுக்கு இந்த விமானத்தைத் தெரியும். போன மாதம் எஞ்சின் சத்தத்தைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமையலறையிலிருந்து வந்து வாசலில் நின்றார்.

“உதென்னடா, சகடையோ?”

எங்கள் பக்கம் மெதுவாக வந்து குண்டு போட்டுவிட்டுப் போன விமானத்துக்கு அந்தப் பெயர் என்பதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

“இல்லையம்மா. நூறு வருசத்துக்கு முந்தின ஜெர்மன் விமானம்.”

“எந்த நாட்டுக்காரன் விட்டாலும் சகடை சகடைதான்.” கொஞ்ச நேரம் கேட்டார். “சத்தம் பிழை.”

“என்ன பிழை?”

“பாரத்தோடை வரேக்கை ஒரு முக்கல் இருக்கும். போட்டிட்டுத் திரும்பேக்கை லேசாப் போகும். உன்ரையிலை ரெண்டும் ஒண்டாக் கிடக்கு.”

சொல்லிவிட்டு வெங்காயம் வெட்டப் போய்விட்டார். நான் மாற்றினேன். சத்தம் மிகத் திருத்தம், எந்த ஆவணக் காப்பகத்தில் எடுத்தாய் என்று கம்பனியிலிருந்து கேட்டார்கள். எனது தாயாரிடம் என்று பதில் எழுதினேன். சிரிக்கும் முகமொன்று அனுப்பினார்கள்.

இனி நேற்று நடந்தது. காலையில் மழை, நான் காலி வீதிக்கு இறங்கி பலீல் நானாவின் பிரதி எடுக்கும் கடைக்குப் போய், பெரிய தாள்களை ஸ்கேன் பண்ணலாமா என்று கேட்க, அவர், “கொண்டு வாங்களே தம்பி, ரெண்டு நிமிஷ வேலை” என்று சொல்ல, “மழையில நனைஞ்சிடும் நானா, அதுதான் வீட்டிலயே பத்திரமா வைச்சிட்டு வந்தனான்” என்று நான் பெரிய புத்திசாலி மாதிரிச் சொல்லிக்கொண்டு நின்ற அதே நேரத்தில், எங்கள் மாடிப்படியில் மூன்று பேர் ஏறியிருக்கிறார்கள், ஒருவர் டெங்குப் பரிசோதகர், கூட வந்த இரண்டு பேர் பொலிஸ், அம்மா கதவுத் துவாரத்தால் பார்த்திருக்கிறார், பரிசோதகரின் பையும் நுளம்புப் படம் போட்ட தொப்பியும் கண்ணில் படவில்லை, காக்கி மட்டும் பட்டிருக்கிறது, பிறகு கை தன்பாட்டில் வேலை செய்திருக்கிறது, கதவு திறக்கமுதல் கடுதாசி இல்லாமல் போகவேண்டும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்த ஒரே சட்டம், வீடு வீடாகச் சோதனை போட்ட அந்தக் காலத்தில் என்றால் அடுப்பு, இப்போது புகை மேல்வீட்டு மாக்ரெட் அன்ரியிடம் போகும் என்பதால் தண்ணீர், பல்கனியில் நீர்வெட்டுக்கென்று பத்து நாட்களுக்கு முன் நிரப்பி வைத்த நீல வாளிக்குள் உறையைப் போட்டு, அகப்பைக் காம்பால் கடைந்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்திருக்கிறார்.

வந்தவர்கள் நேரே வாளிக்குப் போனார்கள். தேங்கிய தண்ணீரைப் பார்க்கத்தானே வந்தவர்கள்.

என் கணினித் திரையில் குண்டுவிமானம் முழு நிறத்தில் சுற்றிக்கொண்டிருந்ததாம். பொலிஸ்காரர் ஒருவர் அதைப் பார்த்து, தன் மகனும் இதே விளையாட்டுத்தான் என்று சிங்களத்தில் சொன்னாராம். அம்மா தலையாட்டினாராம்.

“மேக்க மொக்கத, அம்மே?” என்று பரிசோதகர் வாளியைக் காட்டிக் கேட்டிருக்கிறார்.

“ரெதி, மாத்தயா.” உடுப்பு என்று அம்மா சொல்லியிருக்கிறார்.

அவர் தடியால் தூக்கிப் பார்த்திருக்கிறார். நீலக் கூழ். கூழுக்குள் நுளம்புக் குடம்பிகள். முழுவதையும் வடிகாணுக்குள் ஊற்றிவிட்டு, சுகாதாரக் கந்தோருக்கு வரச்சொல்லிச் சிவப்பு அறிவித்தல் ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் திரும்பி வந்தபோது அம்மா அந்த அறிவித்தலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். பல வருடங்களாக அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்க்கவில்லை.

“நுளம்புதானடா. நான் என்னவோ எண்டு பயந்திட்டன்.”

“எதையம்மா வாளிக்கை போட்டனீங்கள்?”

“தம்பி அனுப்பின உறையை.”

மேசையைப் பார்த்தேன். அளவுகள் இருந்த உறை அங்கே இல்லை. மேலும் எதுவும் கேட்கவில்லை.

கோபம் வரவில்லை, மாமா. களைப்பு வந்தது. கோபப்படுவதென்றால் யாரோடு? அந்தக் கை என்னை வளர்த்த கை. போர் முடிந்ததை எல்லோருக்கும் அறிவித்தார்கள். கைக்கு யாரும் அறிவிக்கவில்லை.

ஆகவே வேண்டுகோள். நாளைக்கு ஒருமுறை நூதனசாலைக்குப் போகமுடியுமா? பீரங்கி மூன்றாம் மாடியில் இருப்பதும் மின்தூக்கி வேலை செய்யாததும் எனக்குத் தெரியும். முழங்காலைப் பற்றிக் கேட்டது அதற்காக. குழாயின் நீளம், தாங்கியின் உயரம், அது திரும்பும் வளையத்தின் அகலம். மூன்று மட்டும் போதும். அதே காவலாளி நின்றால், போனமுறை களவாக அளந்தது தண்ணீரில் போய்விட்டது என்று சொல்லுங்கள். உண்மையைச் சொல்லும் கிழவர்களை ஜெர்மன்காரர் வெளியே தள்ளமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

மாமிக்கு என் அன்பும், நாடாவுக்கு நன்றியும். உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும், இந்த வாரம் கொஞ்சம் கூடுதலாக.

பணிவன்புள்ள மருமகன்,
மிதுஷன்

பி.கு.: படமெடுக்க முதல் அம்மா வந்துவிட்டார்.

“தம்பிக்கோ எழுதிறாய்? என்னைப் பற்றியோ?”

வாசித்துக் காட்டினேன். எழுந்து போய் சாமித்தட்டில் முருகன் படத்துக்குப் பின்னால் கையை விட்டு ஒரு மண்ணிற உறையை எடுத்தார். நான்கு தாள்கள். நீல மை.

“இதை ஏன் நான் தண்ணிக்கை போடுறன்? இது உன்ரை வேலை எல்லோ. தம்பியின்ரை கையெழுத்தும். முதல் இதைத்தான் ஒளிச்சனான்.”

“அப்ப எதைப் போட்டனீங்கள்?”

“கீபோட்டுக்குக் கீழை நீ ஒளிச்சு வைச்சிருந்தியே, அதை. மேசை துடைக்கேக்கை பிரிச்சுப் பார்த்தனான். நீலத்திலை வட்டம் வட்டமாக் கீறி, கோடு இழுத்து, ஆரோ ஒரு ஆளின்ரை பேர், திகதி, இடம், மணித்தியாலம் நிமிசத்தோடை. ஆரை என்ன செய்யப் போறாங்களோ எண்டு நெஞ்சு பதறிப்போச்சு. மேசைக்கு மேலை கிடக்கிறதிலை என்ன பயம்? ஒளிச்சு வைக்கிறதுதான் பயம்.”

அது சாருஜாவின் சாதகம் என்று சொன்னேன்.

அம்மா கதிரையில் பொத்தென்று இருந்துவிட்டார். பொலிஸைக் கண்டபோதுகூட இப்படி இருந்திருக்கமாட்டார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்: “பெட்டை வடிவோ?”

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள். நான்கு தாள்களையும் படமெடுத்துவிட்டேன், பீரங்கி இன்றே போகிறது. நூதனசாலை வேண்டாம். நீங்கள் சாருஜாவின் வீட்டுக்குப் போய்ச் சாதகத்தின் இன்னொரு பிரதி கேட்கவேண்டுமாம். சொல்வது அம்மா. எனக்கு அவசரமில்லை. முதல் பிரதிக்கு என்ன நடந்தது என்று அவர்கள் கேட்டால், நுளம்பு என்று சொல்லுங்கள்.