ஆவன செய்யவும்

நூலகர் அம்மா கேட்டது புத்தகம். வந்தது சாக்கோடு இரண்டு ஆட்கள்.

"விஷ முறிவுப் புத்தகம் எதும்மா?" என்றார் மீசைக்காரர்.

அரசு மருத்துவ நூலகத்தில் பதினெட்டு வருஷமாக இருக்கிறவர் அந்த அம்மா. கொள்முதல் அலுவலகத்துக்கு எப்போதும் போல உறையில் பன்னிரண்டாம் அறை என்று போட்டு எழுதியிருந்தார்: 'விஷ முறிவு மருத்துவம் நான்கு பாகங்களில், முதல் பாகம் மிகப் பழைய பதிப்பு. மருந்தளவெல்லாம் மாறிவிட்டது. இனிப் பயன்படாது. ஆவன செய்யவும்.'

"பழசை வாங்கிட்டுப் புதுசு குடுப்பீங்களா?"

"எடுத்துட்டு வரச் சொன்னாங்க. எடுத்துட்டுப் போறோம்."

இரண்டு வாரமாகியும் புதுசு வரவில்லை. குழந்தைகள் வார்டு டாக்டர்தான் வந்தார். எலி மருந்தைத் தின்ற குழந்தை ஒன்று உள்ளே கிடந்தது. அலமாரியில் முதல் பாகம் இருந்த காலி இடத்தைப் பார்த்துவிட்டு வெளியே ஓடினார். மறுநாள் வந்தபோது அவர் குரல் தணிந்திருந்தது.

"இன்னொரு ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, பக்கத்தைப் படிக்கச் சொல்லி எழுதிக்கிட்டேன். குழந்தை பொழைச்சிடுச்சு. நீங்க எதுக்கும்மா இங்க உக்காந்திருக்கீங்க?"

கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எரிச்சல் ஆறுமுன் அடுத்த கடிதம் போனது: 'முதல் பாகம் இல்லாமல் மற்ற மூன்றும் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஆவன செய்யவும்.'

மறுநாள் காலையிலேயே மூன்றும் சாக்குக்குள் போயின.

பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது கடிதம்: 'அலமாரி வெறுமனே நிற்கிறது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். ஆவன செய்யவும்.'

அலமாரி தள்ளுவண்டியில் ஏறியது.

"எங்க ஆபீஸ் மாதிரி சுறுசுறுப்பு வேற எங்கயும் கிடையாதும்மா" என்று பெருமையோடு கயிற்றை இறுக்கினார் மீசைக்காரர்.

வீட்டில் கணவரிடம் கொட்டித் தீர்த்தார். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"நேர்ல போய்க் கேளு. இன்னொரு லெட்டர் போட்டா உன்னையும் தூக்கிட்டுப் போயிடுவாங்க."

பன்னிரண்டாம் அறைக் கதவை அந்த அம்மா தட்டவில்லை, தள்ளினார். அதிகாரி டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோன நிலையிலேயே நின்றார்.

"ஒரு புத்தகத்துக்கு வழி பண்ணத் துப்பில்ல, இருந்ததையும் வாரிட்டு வந்துட்டீங்க. ஒரு குழந்தை சாகக் கிடந்துது, தெரியுமா உங்களுக்கு? ஒரு டாக்டர் என்னைப் பார்த்து, நீ எதுக்கு இருக்கேன்னு கேட்டுட்டுப் போறார். அந்தக் கேள்வியை நான் யார்கிட்ட கேக்கறது?"

அதிகாரி ஃபைலை எடுத்துப் புரட்டினார். முகத்தில் உண்மையான வருத்தம்.

"மேடம், உங்க மூணு லெட்டருக்கும் அன்னன்னிக்கே வேலையை முடிச்சிருக்கோமே. மத்த ஆபீசுக்கெல்லாம் உங்க நூலகத்தைத்தான் உதாரணமா சொல்லிட்டிருக்கேன்."

"உதாரணமா? புத்தகம் வாங்கித் தர்றதுதானே உங்க வேலை?"

அதிகாரி மறுபடி ஃபைலைப் புரட்டத் தொடங்கினார். காலி கிளாஸ் எடுக்க வந்த டீக்கார அம்மாதான் வாயைத் திறந்தார்.

"வாங்குற ஆபீஸ் மாடிக்குப் போய் ஒரு வருஷமாச்சும்மா, இது வேண்டாததைக் கழிச்சுக் கட்டுற ஆபீஸ்."