பலகைச் சாமியின் பாடத்திட்டம்

ஐந்து மணிக்கு எழுந்தேன். முகம் கழுவினேன். காப்பி போட்டுக் குடித்தேன். மனைவி இறந்து எட்டு மாதம்; காப்பிக்குச் சர்க்கரை அளவு இப்போது சரியாக வருகிறது. ஏழரைக்குப் பள்ளிக்கூடத்தைத் திறந்தேன். ஒரு பிள்ளையும் இல்லை. தோட்டமே மாரியம்மன் கோயிலில் இருந்தது.

மலாயாவில் சிகாமட்டுக்கு அப்பால் எங்கள் ரப்பர் தோட்டம். போன மாதம் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்புத் தொடங்கினோம். வெள்ளைக்காரத் துரை பாடத்திட்டம் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்: மணலில் எழுத்து, ரப்பர் கொட்டையில் எண், பாட்டு, கதை, மத்தியானம் தூக்கம். வேலையாட்களை மேய்க்கும் கங்காணி அய்யாவுக்குப் பிடிக்கவில்லை. எல்லாரும் எழுதப் படிக்கக் கற்றால் புல் பிடுங்க ஆள் ஏது? துரை சிங்கப்பூர் போன சமயம் பார்த்து, யாருக்கு எந்தப் பாடம் என்று தேர்ந்தெடுக்க ஒரு நிபுணரை வரவழைத்தார். பலகைச் சாமி.

சாமி சிங்கப்பூரிலிருந்து கடலை நடந்தே கடந்தவராம். கடற்பாலம் கட்டிய பிறகுதான் கடந்தார் என்பதை யாரும் சொல்லவில்லை.

முறை எளிது. மூட்டையிலிருந்து வெறும் பலகை ஒன்றை எடுப்பார். திருநீற்றைத் தூவி ஊதுவார். பலகையில் வெள்ளையாக ஏதோ நிற்கும். 'அ' வந்தால் படிப்பு. அரிவாள் வந்தால் புல்வேலை. சேவல் கொடுத்தால் அடுத்த வருடம் மறுபடி பார்ப்பார். கலைமகள் அரிவாளும் வரைவாள் என்று கல்லூரியில் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நான் கோயிலுக்குப் போனபோது ஒன்பது பிள்ளைகளுக்கு அரிவாள் வந்திருந்தது. ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகனுக்கு மட்டும் 'அ'. கலைமகளுக்குக் கிராணியை முன்பே பழக்கம் போலிருக்கிறது.

ரப்பர் பால் வெட்டும் பேச்சியம்மாள் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"வாத்தியாரே, அடுத்தது எஞ் செல்லம். அருவா வந்தா நாளைக்கே புல்லுக்கு அனுப்பணுமாம். இவ நேத்துத்தான் மணல்ல 'செ' எழுதுனா."

"யார் சொல்லிக் கொடுத்தது?"

"நீங்கதான். மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன்.

சாமி செல்லத்துக்கு ஒரு பலகை வைத்தார். பக்கத்தில் கங்காணியின் பேரன் மூர்த்திக்கு ஒன்று.

"சாமி, அம்பாள் பிள்ளையைப் பாத்து எழுதுறாளா, பலகையைப் பாத்தா?" என்றேன்.

"பிள்ளையோட தலையெழுத்தப் பாத்துத்தான்."

"அப்ப எந்தப் பலகையா இருந்தா என்ன?" இரண்டையும் மாற்றி வைத்தேன்.

திரும்ப மாற்றச் சாமி கையை நீட்டினார். கூட்டம் பார்த்தது. கை திரும்பிப் போயிற்று.

"பொண்டாட்டி செத்தவரு தொட்டுட்டாரு. பலகைக்குத் தீட்டு."

"அது பதினாறு நாள்ல போற தீட்டு சாமி," என்றாள் பேச்சியம்மாள். "ஊதுங்க."

ஊதினார். செல்லத்துக்கு 'அ'. கங்காணி பேரனுக்கு அரிவாள். நல்ல வளைந்த அரிவாள்.

"அலமாக்! என்ன சாமி இது?" என்றார் கங்காணி.

"கிரகம் கொஞ்சம் நகந்துடுச்சு."

பேச்சியம்மாள் அரிவாள்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தாள். பிடி சுருண்டு வந்தது. இழுத்தாள், நூலாக நீண்டது. விட்டாள், சுருங்கியது. மோந்து பார்த்தாள்.

"ஒட்டுப்பால்," என்றாள்.

ரப்பர் பாலைத் தொட்டு எழுதிக் காயவைத்தால் கறுப்புப் பலகையில் தெரியாது. திருநீறு அதில் மட்டும் ஒட்டும். தினமும் வாளி வாளியாய் அந்தப் பாலைச் சுமக்கிறவர்கள் நூறு பேர் அங்கே நின்றார்கள். ஒருவருக்கும் வாடை தெரியவில்லை. எல்லார்மேலும் அதே வாடை.

சாமி மூட்டையைத் தேடினார். பிள்ளைகள் அதற்குள் மிச்சப் பலகைகளை உரித்துப் பந்து உருட்டிக்கொண்டிருந்தார்கள். என் பாடத்திட்டத்தில் பந்து இல்லை. அன்றே சேர்த்தேன்.

பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். கூட்டத்தில் நின்ற கிருஷ்ணம்மாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"இவரு போலி. குளுவாங்ல வெத்தலையில பாக்குறவரு ஒருத்தர் இருக்காராம். அவருதான் நெசம்."

பேச்சியம்மாள் செல்லத்தை வகுப்புக்குள் விட்டுவிட்டுத் திரும்பினாள். போவதற்கு முன் அவள் கடைசியாகச் சொன்னது இது:

"கூட்டியாங்கக்கா. வந்ததும் மொதல்ல அவரு கைய மோந்து பாருங்க. கும்பிடறத அப்புறம் வச்சுக்கலாம்."