வேட்டியை உருவியது நான் அல்ல

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் மாமனாரின் வேட்டியை நான் உருவவில்லை. மிஷின்தான் உருவியது. எங்கள் சொந்தக்காரர்கள் ஆறு வருஷமாகக் கல்யாணம், காதுகுத்து என்று கூடுகிற இடமெல்லாம் இந்தக் கதையைத் தப்புத் தப்பாகச் சொல்லி வருகிறார்கள். போன மாதம் ஒரு வளைகாப்பில், முன்பின் பார்த்திராத ஒரு பெரியம்மா என் முகவாயைத் தொட்டு, "வேட்டி உருவுன பொண்ணு நீதானா?" என்று ஆசையாகக் கேட்டார். அன்றைக்கே முடிவு செய்தேன், இதை எழுதிவிடுவது என்று.

நான் ஹேமர் டிரில் வடிவமைக்கும் இன்ஜினியர். (ஆமாம், சுவரில் ஓட்டை போடுகிற அதேதான். ஆமாம், பெண்தான். அடுத்த கேள்வி?) செங்கல்பட்டுக்கு உள்ளே தள்ளி எங்கள் கிராமம். மறைமலைநகர் பக்கம் வேலை. கடையில் கிடைக்கும் சாதாரண டிரில்லில் பல் வைத்த இரண்டு வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளும். நாம் முட்டித் தள்ளுகிற அளவுக்குத்தான் அது அடிக்கும். நாங்கள் செய்துகொண்டிருந்தது வேறு ஜாதி. உள்ளே ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கும், அந்தக் காற்று ஓர் இரும்புத் துண்டைத் தள்ளும், அது துளையிடும் முனையான பிட்டின் பின்மண்டையில் போய் மோதும். நாம் பிடித்துக்கொண்டால் போதும். ஒற்றைக் கையால் தூக்கும் எடையில் அதைச் செய்ய வேண்டும் என்று ஒன்றரை வருஷம் மல்லுக்கட்டினோம்.

அதில் என் பங்கு கிளட்ச். கான்கிரீட்டுக்குள் கம்பியில் பிட் மாட்டிக்கொண்டால் மோட்டார் சும்மா இருக்காது, மிஷினையே திருப்பிவிடும். நம் மணிக்கட்டு போய்விடும். அதற்கு முன்பே கிளட்ச் வழுக்கி, கடகடவென்று சத்தம் போட்டு, விசையைக் கைக்கு விடாமல் தடுக்க வேண்டும். என் கிளட்ச் அதை ஒழுங்காகவே செய்தது. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டால் ஏதோ உடைந்துபோன மாதிரி இருக்கும். ஆபீஸில் அதற்குப் 'பயந்தாங்கொள்ளி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் எரியும்.

இந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை பிரபு, சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, நல்ல மனுஷன். அவருடைய அப்பா அணுபுரத்தில் குடியிருந்து, அணுமின் நிலையத்தில் விபத்துத் தடுப்புப் பாதுகாப்பு அதிகாரியாக ஓய்வு பெற்றவர். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினால்கூட ஷூ போட்டுக்கொண்டுதான் மாற்றுவார். பூ வைக்கிற அன்று, தட்டு மாற்றி, காபி குடித்து முடித்ததும் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா கோகிலா. சுத்துற மிஷின் பக்கத்துல பொம்பளைங்க இருக்கக் கூடாது. முடி, துப்பட்டா, வளையல்... எல்லாம் மாட்டும். நான் பாக்காத ஆக்சிடென்ட் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடி இந்த வேலைய விட்டுடு. பேங்க் பரீட்சை எழுது."

கூடத்தில் இருந்த எல்லாத் தலைகளும் ஆடின. பிரபு மிக்சர் தட்டில் முந்திரி தேடினார். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் வாயால் "பாக்கலாம் மாமா" என்றேன். மனசுக்குள் சொன்னதை அச்சில் எழுத முடியாது.

மூன்று வாரம் கழித்துக் கேளம்பாக்கத்தில் அவர்களுடைய புது ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். ஒன்பதாவது மாடி. அந்தப் பக்கத்து அடுக்குமாடிகளில் பல, செங்கல்லே இல்லாமல் முழுக்க முழுக்கக் கான்கிரீட்டில் வார்த்த சுவர்கள். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். குலதெய்வப் படத்தை மாட்ட வந்த எலக்ட்ரீஷியனின் டிரில் பிட் சிவக்கச் சிவக்கச் சுற்றிக் கடைசியில் கருகி நின்றது என்று பிரபு போனில் புலம்பினார். எனக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கம்பெனியில் கையெழுத்துப் போட்டு, வெளி இடத்தில் சோதனை என்று எழுதி, மிஷினை வாங்கிக்கொண்டேன்.

இப்போது என் குற்றத்தைச் சொல்கிறேன். கிளம்பும் முன் மிஷினைத் திறந்து, கிளட்ச் ஸ்பிரிங்குக்கு அடியில் இரண்டு வாஷர் கூடுதலாகப் போட்டேன். ஸ்பிரிங் இறுகினால் கிளட்ச் சுலபத்தில் வழுக்காது. மாமனாராகப் போகிற அந்த மனிதர் எதிரில் என் மிஷின் கடகடவென்று பின்வாங்கக் கூடாது, அவ்வளவுதான். (படித்தவள் செய்கிற வேலையா இது என்று கேட்காதீர்கள். படித்ததால்தான் எங்கே போடுவது என்று தெரிந்தது.)

"இன்னாடி இது?" என்றாள் அம்மா, ஷேர் ஆட்டோவில் என் மடியைப் பார்த்து. "அவ அவ பூவும் பழமும் எடுத்துகினு போவா. நீ மிஷினத் தூக்கிகினு வர்ற. இந்தச் சம்பந்தம் நெலைக்கணும்னு எண்ணம் கீதா, இல்லியா?"

"நெலைக்கணும்னுதாம்மா எடுத்துகினு வர்றேன்."

ஹோமம் முடிந்தது. ஐயர் பந்திக்குக் காத்திருந்தார். நான் புடவையை இழுத்துச் செருகி, பின்னலைக் கொண்டை போட்டு, வளையலைக் கழற்றி அத்தையிடம், அதாவது வருங்கால மாமியாரிடம், கொடுத்தேன். மாமா குறை சொல்ல மூன்றையும் தேடினார், ஒன்றும் கிடைக்கவில்லை. ஸ்டூலில் ஏறினேன். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, முதல் துளை வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது. பத்து விநாடிகூட ஆகவில்லை. எலக்ட்ரீஷியன், "யக்கா, செம்ம மிஷினுக்கா!" என்றார். இந்தத் துளையைப் பற்றி எங்கள் சொந்தத்தில் ஒருவரும் பேசுவதில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

மாமாவுக்கு மட்டும் கண் தரையில் இருந்தது. வயர் குறுக்கே கிடந்தது. "யாராவது தடுக்கி விழுவாங்க" என்று சொல்லி, மிஷின் வயரையும் எக்ஸ்டென்ஷன் வயரையும் பிளக் கழன்றுவிடாமல் முடிச்சுப் போட்டு, தொங்கிய மிச்சத்தைச் சுருட்டித் தன் இடுப்பில், பட்டு வேட்டிக்குள் இறுக்கிச் செருகிக்கொண்டு பக்கத்தில் நின்றார். முப்பது வருஷப் பாதுகாப்பு அனுபவம் அந்த முடிச்சில் இருந்தது.

இரண்டாவது துளை. கை தளர்ந்தாலும் ஓடட்டும் என்று நானே வைத்திருந்த லாக் பட்டனை மிடுக்காக அழுத்தினேன். பாதி ஆழத்தில் பிட் கம்பியைக் கவ்வியது. கிளட்ச் வழுக்கியிருக்க வேண்டும். இரண்டு வாஷர் அதை வழுக்க விடவில்லை. மிஷின் என் கையை உதறிவிட்டு, சுவரில் மாட்டியபடியே தன்னைத்தானே சுற்ற ஆரம்பித்தது. சுற்றச் சுற்ற வயரை உருட்டிச் சுருட்டியது. வயர் முடிச்சை இழுத்தது. முடிச்சு வேட்டியை இழுத்தது. மாமா இரண்டு கையாலும் வேட்டியைப் பிடித்து ஒரு கணம் போராடினார். நல்லவேளை, பிறகு விட்டுவிட்டார். பட்டு வேட்டி சரசரவென்று சுவரேறி மிஷினைச் சுற்றிக்கொண்டது. அதற்குள் பிரபு பாய்ந்து சுவரிலிருந்த சுவிட்சை அணைத்தார். சத்தம் நின்றது.

நடுக்கூடத்தில், நீலக்கோடு போட்ட பட்டாபட்டி டிராயரோடு, நெற்றியில் ஹோமப் பொட்டோடு என் வருங்கால மாமனார் நின்றார். ஐயர் ஜன்னல் பக்கம் திரும்பித் தூரத்தில் தெரிந்த உப்பளத்தைப் பார்த்தார். நான் ஸ்டூலில் நின்றபடி, வீங்கத் தொடங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அடி படலையே?" என்றேன். அவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

"போச்சு! எல்லாம் போச்சு!" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். "வூடு பூந்து மானத்த வாங்கிட்டியேடி!"

எனக்கும் அழுகை வந்தது. மானத்துக்காக இல்லை. முடி, துப்பட்டா, வளையல் என்று அந்த மனிதர் சொன்னது ஊர் கண்ணில் சரியாகிவிட்டதே என்றுதான். ஒன்றரை வருஷ வேலை இரண்டு வாஷரில் போய்விட்டது.

பந்தி முடிகிற நேரத்தில் கதவு திறந்தது. மாமா பேண்ட், பெல்ட், ஷூவோடு வந்தார். கையில் ஒரு பேடு, பேனா. சாப்பிட்டவர்கள் அப்படியே கையைக் கழுவாமல் நின்றார்கள்.

"மிஷினைத் திற" என்றார்.

திறந்தேன். வாஷர் இரண்டும் பளபளவென்று என்னைப் பார்த்தன. உற்பத்திக் கோளாறு என்று சொல்லியிருக்கலாம். அவருக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் என் கிளட்ச் மேல் பழி போட எனக்கு வாய் வரவில்லை.

"கிளட்ச்மேல தப்பில்ல மாமா. இந்த ரெண்டும் நான் போட்டது."

"எதுக்கு?"

"உங்க முன்னாடி அது வழுக்கக் கூடாதுன்னு. நீங்க வேலைய விடச் சொன்னீங்க. நான் விட மாட்டேன். கல்யாணம் நின்னாலும் விட மாட்டேன்."

சொல்லிவிட்டேன். அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். பிரபு மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றார். (கொஞ்சம் தாமதம்தான். ஆனாலும் வந்தார்.)

மாமா எழுத ஆரம்பித்தார். எழுதுவதை உரக்க வாசித்துக்கொண்டே எழுதினார், வேலையில் இருந்தபோதும் அப்படித்தானாம்.

"காரணம் ஒன்று: கூடுதல் வாஷர், லாக் பட்டன். பொறுப்பு: கோகிலா. காரணம் இரண்டு: சுழலும் மிஷினின் வயரைத் தளர்ந்த உடையில் செருகியது. பொறுப்பு..." பேனா நின்றது. "பொறுப்பு: நான்."

"ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சு சொன்னீங்களே!" என்றார் அத்தை. அப்போதுதான் முதல் சிரிப்பு வெடித்தது. அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

மாமா சிரிக்கவில்லை. கடைசிக் கட்டத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, என்னிடம் நீட்டினார். 'சரிசெய்யும் நடவடிக்கை: மிஷினைச் சரிசெய்ய வேண்டியவர் கோகிலா. அது முழுதாகச் சரியாகும் வரை அவர் இதே வேலையில் தொடர வேண்டும்.' முடிக்க வேண்டிய தேதி என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார்.

கம்பியில் சிக்கிய பிட்டைப் பிடுங்கவே முடியவில்லை. வெளியே ஒரு விரல் அளவு மட்டும் விட்டு, மீதியை அறுத்துவிட்டோம். குலதெய்வம் ஒரு பக்கம் கொக்கியிலும், ஒரு பக்கம் அந்த மிச்சத்திலும் தொங்குகிறது, கொஞ்சமும் ஆடாமல். அதன் கீழே மாமாவின் அறிக்கை, கண்ணாடிச் சட்டத்தில்.

லாக் பட்டனை எடுத்தாயிற்று. மிஷின் கடைகளுக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. கிளட்ச் அருமையாக வழுக்குகிறது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் கிரகப்பிரவேசம் நடந்த நாளில், பாயசம் பரிமாறும்போது, பேண்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாமா எல்லார் காதிலும் விழும்படிக் கேட்பார்.

"என்னம்மா, கிளட்ச் சரியாயிடுச்சா?"

"இல்ல மாமா. இன்னும் கொஞ்சம் வேலை கீது."