வண்டிக்கு அடியில் இரண்டு கால்கள்

காபி ஆறுகிறது என்று சொல்ல வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

காரின் முன்பக்கத்து அடியிலிருந்து பேன்ட்டும் ஷூவுமாகக் கணவரின் கால்கள் இரண்டும் முழங்கால்வரை நீட்டிக்கொண்டிருந்தன. அது அவள் எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது ஜாக்கி. அத்தனை பெரிய வண்டியை அந்த ஒற்றை ஜாக்கி தனியாகத் தாங்கிக்கொண்டு நின்றது. அதுவும் சிமெண்டுத் தரையில் இல்லை. காலையில் செடிகளுக்குத் தண்ணீர் விடுகிறேன் என்று அவளே ஊற வைத்திருந்த மண்ணில், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

"என்னங்க, காபி."

பதில் இல்லை.

பதில் இல்லாதது அவளுக்குப் புதிதல்ல. கல்யாணமான நாளிலிருந்து பாதிக் கேள்விகளுக்கு அவர் "ம்" என்பார். மீதிக்கு அதுவும் கிடையாது. ஆனால் இன்றைய மௌனத்துக்குக் காரணம் இருந்தது. நேற்று சாயங்காலம் வண்டியிலிருந்து எண்ணெய் ஒழுகுவதைப் பார்த்து, மெக்கானிக்கிடம் விட்டுவிடலாம் என்றாள். தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "நீங்க தொட்டு எது உருப்பட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற பக்கத்து வீட்டுக்காரரும் சிரித்தார். அதுதான் வினையாகப் போயிற்று. அதற்குப் பிறகு அவர் வாயே திறக்கவில்லை. விடிந்ததும் ஸ்பேனர்களை அள்ளிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார்.

"கோவம் இருந்தா இருக்கட்டும். வெளிய வந்து கோவப்படுங்க. அந்த ஜாக்கி சரியில்ல."

கால்கள் அசையவில்லை. இப்படி அசையாமல் கிடந்தே அவரால் அவளைத் தண்டிக்க முடியும் என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கெஞ்சுவதை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கினாள்.

மதிலை ஒட்டிக் கிடந்த செங்கற்களை எடுத்துவந்து, ஜாக்கிக்குப் பக்கத்தில் வண்டியின் விளிம்புக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஜாக்கி கைவிட்டாலும் செங்கல் தாங்கும் என்பது அவள் கணக்கு. கடைசிக் கல்லை வைக்கும்போது முழங்கை ஜாக்கியில் இடித்தது. வண்டி ஒரு பெருமூச்சு விட்டதுபோல் கொஞ்சம் இறங்கியது. செங்கல்லுக்கும் வண்டிக்கும் இடையே கை நுழையுமளவு இருந்த இடைவெளி, விரல் நுழையுமளவுக்குச் சுருங்கிவிட்டது.

"பட்டுச்சா உங்களுக்கு?" என்றாள், மிக மெதுவாக, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல.

குனிந்து முகத்தைப் பார்த்திருக்கலாம். ஆனால் இந்தப் பக்கத்தை அவளுடைய செங்கல்லே மறைத்தது. அந்தப் பக்கம் மதில். கால் பக்கம் தரையோடு தரையாகப் படுத்துப் பார்க்க வேண்டும். அதற்கு மனம் துணியவில்லை. பார்த்தால் ஒன்று தெரிந்துவிடும். தெரியாதவரை அவர் கோபமாக மட்டும்தான் இருக்கிறார்.

ஹேண்ட் பிரேக் நினைவுக்கு வந்தது. கதவை எப்படியோ திறந்து, கையை மட்டும் நீட்டி அதை இழுத்தாள். அது ஏற்கனவே இழுபட்டுத்தான் இருந்தது. அவள் இழுத்த இழுப்பில் வண்டி தொட்டில்போல ஒருமுறை ஆடி நின்றது. திறந்த கதவை மூடப் பயந்து அப்படியே விட்டுவிட்டு, பூனைபோல் பின்வாங்கி மெக்கானிக்குக்குப் போன் செய்தாள்.

விஷயத்தைக் கேட்டதும் மறுமுனையில் ஸ்பேனர் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"அக்கா, ஸ்டாண்ட் வச்சிருக்காரா?"

"ஜாக்கி மட்டும்தான் தம்பி. நான் செங்கல் வச்சிருக்கேன்."

ஜாக்கி தூக்குவதற்குத்தானே தவிரத் தாங்குவதற்கு இல்லை என்றான் அவன். செங்கல்லையும் நம்ப வேண்டாம், பாரம் இறங்கினால் பிஸ்கட் மாதிரி நொறுங்கிவிடும். கையை உள்ளே விடாதீர்கள், சாரின் காலைப் பிடித்து இழுத்தும் தொலைக்காதீர்கள். அவர் திடுக்கிட்டு உதைத்தால் ஜாக்கி போய்விடும்.

"சார் பேசறாரா?"

"அவர் எப்பவுமே பேச மாட்டாரு தம்பி."

"மூச்சு விடறாரா?"

"கால்ல எப்படிப்பா மூச்சு தெரியும்?"

அவன் பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கச் சொன்னான். தான் ஸ்டாண்டோடு வருவதாகச் சொல்லிப் போனை வைத்தான்.

வீட்டில் கட்டை என்று இருந்தது, அவள் துணி துவைக்க உட்காரும் மணைதான். அதைக் கொண்டுவந்து பின்சக்கரத்துக்குப் பின்னால் செருகினாள். சரியாக நுழையவில்லை. சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினாள். மணை நுழைந்தது, வண்டி அரை அங்குலம் முன்னால் நகர்ந்தது. ஜாக்கி இன்னும் சாய்ந்தது. செங்கல் அடுக்கின்மேல் விளிம்பு வந்து உட்கார, மேல் கல்லில் ஒரு விரிசல் ஓடுவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

சுத்தியலைக் கீழே வைக்கவும் பயமாக இருந்தது. மடியில் வைத்துக்கொண்டு கால்களுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

இத்தனை வருடமும் இந்தக் குடும்பத்துக்குத் தான்தான் முட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பதாக அவள் நினைத்திருந்தாள். எது ஆடினாலும் ஓடிப்போய் எதையாவது செருகுவாள். மகளின் படிப்பு, மாமியாரின் மனவருத்தம், கூரையின் ஒழுக்கு எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு கட்டை இருந்தது. அவரைக் கேட்டதில்லை. கேட்டால் "ம்" என்பார் என்று கேட்காமலே விட்டாள். இன்று அவள் கொடுத்த ஒவ்வொரு முட்டும் வண்டியை அவர்மேல்தான் இறக்கியிருந்தது. முன்பும் அப்படித்தானா? தான் சரிசெய்த ஒவ்வொன்றுக்கும் அடியில் இந்த மனிதர் பேசாமல் நசுங்கிக்கொண்டிருந்தாரா?

அந்தக் கால்களை இவ்வளவு நேரம் உற்றுப் பார்த்ததே இல்லை. எவ்வளவு பொறுமையான கால்கள்.

மெக்கானிக் வந்துவிட்டான். செங்கல்லைப் பார்த்தான், மணையைப் பார்த்தான், அவள் மடியிலிருந்த சுத்தியலைப் பார்த்தான். அவள் கணவரின் கால்களைக் காட்டி முதலில் அவரைப் பார் என்றாள். அவன் முடியாதென்று தலையசைத்தான்.

"முதல்ல வண்டிதான்க்கா. அப்புறம்தான் ஆளு. வண்டி நிக்காம ஆளைத் தொட்டா, எடுக்க வேண்டியது ரெண்டு பேரா ஆயிடும்."

சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்தான். மண்மேல் தடித்த பலகை போட்டு, தான் கொண்டுவந்த பெரிய ஜாக்கியை அதன்மேல் வைத்து, வண்டியை மயிலிறகைத் தூக்குவதுபோல் தூக்கினான். சட்டத்திலிருந்து பார்வையை எடுக்காமல், பக்கத்துக்கு ஒன்றாக இரும்பு ஸ்டாண்டுகளைப் பலகையோடு செருகி, பாரத்தை அவற்றின்மேல் இறக்கினான். தோளைக் கொடுத்து வண்டியை உலுக்கினான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வண்டி மலைமாதிரி நின்றது.

"சார், இனிமே பயமில்ல. வெளிய வாங்க."

கால்கள் அப்படியே கிடந்தன.

பக்கத்தில் ஓர் அந்நிய ஆள் நிற்கிறான் என்பதுகூட அப்போது பொருட்டில்லை. "நேத்து சொன்னது தப்புதாங்க," என்றாள். "நீங்க தொட்டு எல்லாம் உருப்பட்டிருக்கு. இந்த வீடு உருப்பட்டிருக்கு. நான் உருப்பட்டிருக்கேன். ஒரு தடவை 'ம்'னு சொல்லுங்க. அது போதும் எனக்கு."

மெக்கானிக் செங்கற்களை விலக்கி, மல்லாந்து படுத்து, டார்ச்சோடு உள்ளே நகர்ந்தான். வெளிச்சம் அங்கும் இங்கும் அலைந்து, ஓர் இடத்தில் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது.

பிறகு வெளியே வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, துடைக்க ஒன்றுமில்லாத கைகளைத் துடைத்தான்.

"அக்கா," என்றான். "கொஞ்சம் உக்காருங்க."

அவள் ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தாள். இருந்தும் இன்னும் கீழே எங்கோ உட்கார்ந்தாள். அழுகைகூட வரவில்லை. காபியை மூடி வைக்காமல் வந்துவிட்டோமே என்று மட்டும் தோன்றியது.

அப்போது மதிலுக்கு மேலே, பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்திருந்த மருமகள் தலையை நீட்டினாள்.

"அக்கா, அந்தப் பேன்ட்டுக்குள்ள இருக்கற எங்க வீட்டுத் தலகாணி ரெண்டையும் கொஞ்சம் உருவிக் குடுங்க, உங்க வீட்டுக்காரர் காலையிலேருந்து எங்க மாமாவோட கேரம் ஆடி முதுகு வலிக்குதாம், சித்த சாயணுங்கறாரு."