ஐயர் கூப்பிட்ட வீட்டுக்காரர்

வீட்டை விற்றுவிட்டால் அது நம்முடையது இல்லை. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். கையெழுத்துப் போடும்போது எனக்கும் நன்றாகவே தெரிந்தது. ஆனால் என் வாய்க்கும் காலுக்கும் அது தெரிவதற்கு நாலு மாதம் பிடித்தது. அதற்குள் மானம் கப்பலேறிவிட்டது. நானே சொல்லிவிடுகிறேன். (என் மனைவி புஷ்பா சொன்னால் கண், காது, மூக்கெல்லாம் வைத்துச் சொல்வாள்.)

புக்கிட் பெருவாங்கில் எங்களுக்கு ஒரு வீடு இருந்தது. இருபத்திரண்டு வருடம் குடியிருந்தோம். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இடம் போதவில்லை என்று பாயா ரும்புட்டில் கட்டிக்கொண்டிருந்த புது வீடு ஒன்றைப் பதிவு செய்தோம். "சாவி அடுத்த மாசம் கிடைச்சிரும் சார்" என்றார்கள். அதை நம்பிப் பழைய வீட்டை விற்றேன். பழைய வீடு கை மாறியது. புது வீட்டுச் சாவி மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் அடுத்த மாதம்தான். புஷ்பா அப்போது என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

காப்பாற்றியவர் வீட்டை வாங்கியவர்தான். பெயர் செல்வராணி. வயது நாற்பதுக்குப் பக்கம். ஜாசின் பக்கத்தில் எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களுக்கு ஒதுக்கும் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவர். சுங்கை ஊடாங்கில் ஒரு கிடங்கில் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவர்கள் குடும்பத்தில் யார் பேரிலும் அதுவரை சொந்த வீடு இருந்ததில்லை.

"அதுக்கென்னாண்ணே, நீங்க இங்கயே வாடகைக்கு இருங்க. நான் எத்தனையோ வருசம் காத்திருந்தவ. இன்னும் நாலு மாசத்துல ஒன்னும் ஆயிறாதுலா" என்றார்.

அன்று அவர் காரை எங்கள் வாசலுக்குள் பின்பக்கமாக ஒரே திருப்பில் கொண்டுவந்து நிறுத்தினார். அந்தக் குறுகலான கேட்டுக்குள் இருபத்திரண்டு வருடமாக நான் மூன்று முறை முன்னே பின்னே போகாமல் நுழைந்ததே கிடையாது. அப்போதே எனக்கு அவர்மேல் மரியாதை வந்துவிட்டது. ஆனால் மரியாதை வந்த அளவுக்குப் புத்தி வரவில்லை.

வாடகைக்கு இருப்பவன் எப்படி இருக்க வேண்டும்? நான் அப்படி இல்லை. செல்வராணி வந்தால் கேட்டுக்கு வெளியே நின்று, "உள்ள வரலாமாண்ணே?" என்று கேட்பார். நானும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், "வாங்க வாங்க, நம்ம வீடுதானே, தாராளமா வாங்க" என்பேன். (யார் வீட்டுக்கு யார் யாரை வரச் சொல்வது!) கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்கலாம் என்று அவர் சொன்னபோது, "பச்சை எனக்குப் பிடிக்காதே" என்றேன். புஷ்பா காபித் தம்ளரை மேசையில் 'டொக்' என்று வைத்தாள். எனக்கு உறைக்கவில்லை.

இரண்டாவது மாதம் செல்வராணி தயங்கித் தயங்கி ஒரு விஷயம் கேட்டார்.

"அண்ணே, ஐயர் நாள் பாத்துச் சொல்லியிருக்காரு. இந்த ஞாயித்துக்கிழமை விட்டா அப்புறம் ரொம்ப நாளைக்கு நல்ல நாள் இல்லையாம். காலையில ஒரு ரெண்டு மணி நேரம் வந்து பால் மட்டும் காய்ச்சிட்டுப் போயிறவா?"

சொந்த வீட்டில் பால் காய்ச்ச வாடகைக்காரனிடம் அனுமதி கேட்ட ஒரே மனுஷி உலகத்தில் அவராகத்தான் இருப்பார். நானும் வள்ளல் மாதிரி அனுமதி கொடுத்தேன்.

"இன்னொன்னுண்ணே," என்றார். குரல் இறங்கிவிட்டது. "எங்க பெரியப்பா ஒத்துக்க மாட்டேங்கிறாரு. தனிப் பொம்பள பூசைக்கு உக்காரக் கூடாதாம். அவரு மகனும் மருமகளும் உக்காரட்டும்னு சொல்றாரு. நான் முடியாதுன்னுட்டேன். பதினெட்டு வயசுலேர்ந்து ஓவர்டைம் செஞ்சது நான். என் பேருல வாங்குன வீடு. நான்தான் உக்காருவேன். அன்னிக்கு அவரு எதும் பிரச்சனை பண்ணாம இருக்கணும், அவ்ளோதான்."

சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி, நான் இருக்கேன். ஒரு ஆம்பளையும் உங்க பக்கத்துல வந்து உக்காராம நான் பாத்துக்கறேன்" என்றேன்.

இந்த வாக்கியத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். புஷ்பா இன்றுவரை வைத்திருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எஸ்டேட்டிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். நான் பட்டு வேட்டி, ஜிப்பா சகிதம் வாசலில் நின்றேன். "வேட்டி எதுக்குங்க? நம்ம வீட்டு விசேஷமா?" என்று புஷ்பா காலையிலேயே கேட்டாள். கேட்டால் கேட்கிற ஆளா நான்? வந்தவர்களுக்கெல்லாம் கும்பிடு போட்டேன். சந்தனம் கொடுத்தேன். கழிப்பறை எங்கே என்று காட்டினேன். ஒருவர் நீட்டிய குத்துவிளக்கை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "எதுக்குங்க இதெல்லாம்" என்று கூச்சப்பட்டேன். ஒரு வயதான அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவரிடம், "ஆளு கொஞ்சம் வயசுதான். ஆனா பொறுப்பா இருக்காரு" என்றார். என் விருந்தோம்பலைப் பாராட்டுகிறார் என்று நினைத்துப் பூரித்துப்போனேன்.

விதி வேறொரு வேலையும் செய்திருந்தது. செல்வராணியிடம் எல்லாம் பேசி வைத்திருந்த ஐயருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வந்த இளம் ஐயருக்கு ஒரு விவரமும் தெரியாது. அவர் பாட்டுக்கு வழக்கம் போல இரண்டு மணையைப் போட்டார். செல்வராணி ஒன்றில் உட்கார்ந்தார். மஞ்சள் சேலை, தலை நிறைய மல்லிகை. முகத்தில் அப்படி ஒரு களை. பெரியப்பா சுவரோரம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஐயர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"வீட்டுக்காரர் எங்க? வீட்டுக்காரர் வந்து உக்காருங்க!"

இந்த ஒரு வார்த்தைக்குத் தமிழில் இரண்டு அர்த்தம் வைத்தவரை நான் சும்மா விடப் போவதில்லை. ஐயர் கேட்டது செல்வராணியின் புருஷனை. என் காதில் விழுந்தது வீட்டுக்குச் சொந்தக்காரன். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவரிலிருந்து தீபாவளி உண்டியல் குலுக்க வந்த பிள்ளைகள் வரை, அந்தக் கூடத்தில் யார் அப்படிக் கூப்பிட்டாலும் இருபத்திரண்டு வருடமாகப் போய் நின்றவன் நான். கால் தானாக எழுந்துவிட்டது. "இதோ வந்துட்டேங்க!" என்று கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அந்தக் காலியான மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

செல்வராணி திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான், 'கவலைப்படாதீங்க, நான் இருக்கேன்' என்பதுபோலத் தலையாட்டினேன்.

"பேர், நட்சத்திரம்?"

"குணசேகரன், ரோகிணி."

ஐயர் மந்திரத்தில் என் பெயரையும் செல்வராணியின் பெயரையும் சேர்த்து மளமளவென்று சொன்னார். சமஸ்கிருதம் என்பதால் எனக்கு ஆபத்து புரியவில்லை. செல்வராணி, "ஐயரே, ஒரு நிமிசம்" என்றார். மணிச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. ஐயர் குங்குமத் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"அம்மாவுக்குப் பொட்டு வச்சு விடுங்கோ."

நான் குங்குமத்தைத் தொட்டு விரலைத் தூக்கிவிட்டேன். தூக்கிய பிறகுதான் மூளை என்று ஒன்று எனக்கு இருப்பதே ஞாபகம் வந்தது. அதே நேரம் அடுப்படியிலிருந்து பால் பானையோடு புஷ்பா வெளியே வந்தாள்.

"என்னாங்க... என்னா பண்றீங்க அங்க?"

விரல் அந்தரத்தில் நின்றது. இறக்கவும் தெரியவில்லை, என்ன செய்வதென்றும் தெரியவில்லை. அவசரத்தில் என் நெற்றியிலேயே வைத்துக்கொண்டேன்.

"கல்யாணமே ஆயிருச்சா? எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல!" என்று பெரியப்பா எழுந்துவிட்டார். "அப்ப பால் பானை வச்சிருக்கறது யாரு?" என்று யாரோ கேட்டார்கள். "மூத்த சம்சாரம் போலருக்கு" என்று பதிலும் வந்தது. ஐயோ! அந்த இடத்திலேயே தரை பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். என் மானம் போனால் போகட்டும். அந்தப் பெண் இத்தனை வருடம் உழைத்துச் சம்பாதித்த ஒரு காலை நேரத்தை நான் நாசமாக்கிவிட்டேனே! மணையிலிருந்து எழுந்தபோது வேட்டி தடுக்கி, குத்துவிளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

செல்வராணி எழவில்லை. கத்தவில்லை. ஐயரைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"ஐயரே, இவரு இந்த வீட்டுல வாடகைக்கு இருக்கறவரு. பால் கொண்டாந்தவங்க இவரு சம்சாரம், எங்க அண்ணி. வீட்டுக்காரரு வேற யாரும் இல்ல. நான்தான். என் பேரை மட்டும் சொல்லி முதல்லேர்ந்து ஆரம்பிங்க."

"இதுக்குத்தான் நான் அப்பவே சொன்னேன்!" என்று பெரியப்பா குரலை உயர்த்தினார். "ஆம்பள இல்லாம உக்காந்தா இப்படித்தான் ஆவும்!"

"ஆம்பள வந்து உக்காந்ததுனாலதான பெரியப்பா இவ்வளவு குழப்பம்?" என்றார் செல்வராணி.

முதலில் சிரித்தது அந்த வயதான அம்மா. பிறகு வேனில் வந்த மொத்தக் கூட்டமும் சிரித்தது. கடைசியில் பெரியப்பாவின் மீசையும் ஆடியது. அவர் உட்கார்ந்துவிட்டார். ஐயர் மந்திரத்தை முதலிலிருந்து தொடங்கினார். ஒரே பெயர், ஒரே நட்சத்திரம். செல்வராணி தட்டை வாங்கித் தன் நெற்றியில் தானே பொட்டு வைத்துக்கொண்டார். எத்தனையோ விசேஷங்களில் எத்தனையோ பேர் மணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவ்வளவு அழகாக ஒருவர் உட்கார்ந்து பார்த்ததில்லை.

பால் பொங்கியதும் முதல் தம்ளரை யாருக்குக் கொடுத்தார் தெரியுமா? பெரியப்பாவுக்கு இல்லை. "இத்தனை வருசம் இந்த அடுப்படியில நின்னவங்க நீங்க அண்ணி" என்று புஷ்பாவின் கையில் கொடுத்தார். புஷ்பா அழுதுவிட்டாள். கடைசித் தம்ளர் எனக்கு வந்தது. "இந்தாங்க, வாடகைக்காரரே" என்று சிரித்தார். வாங்கிக் குடித்தேன். சூட்டில் நாக்கு பொத்துப்போனது, வாயைத் திறக்கவில்லை.

இன்னும் இரண்டு மாதம் அங்கே இருந்தோம். கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்தது நான்தான், செல்வராணி சொன்ன பச்சையிலேயே. பிறகு பாயா ரும்புட் சாவி வந்தது. இங்கே குடிவந்தும் சில வருடங்கள் ஆகிவிட்டன. இந்த வீட்டுப் பத்திரத்தில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் யார் வந்து, "அக்கா, வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டாலும் புஷ்பா யோசிப்பதே இல்லை.

"வீட்டுக்காரரு நான்தான். வாடகைக்கு இருக்கறவரு பின்னால செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்காரு. கூப்பிடவா?"

நானும் குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வருகிறேன். வாசலுக்குப் போகும் முன் ஒரு நிமிடம் நின்று, கூப்பிட்டது என்னைத்தானா என்று அவளிடம் கேட்டுக்கொள்கிறேன்.