மந்திரிக்கு முளைத்த தாடி

மந்திரியின் மூக்கு பஞ்சோடு வந்துவிட்டது.

முந்நூறு வருஷத்து ஓவியம். அழுக்கெடுக்கும் மருந்தில் நனைத்த பஞ்சை முகத்தில் வைத்த நேரம் பார்த்து மனைவியிடமிருந்து போன். பேச்சு சுவாரசியத்தில் பஞ்சை மறந்தே போனார் அந்த அருங்காட்சியகத்தின் ஓவியச் சீரமைப்பாளர். எந்நேரமும் பஞ்சும் கையுமாகத் திரிவதால் அவருக்குப் பஞ்சு என்றே பெயர். போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மந்திரிக்குத் தலைப்பாகை இருந்தது, கழுத்து இருந்தது, நடுவில் ஒன்றுமில்லை.

ஓய்வு பெற இன்னும் எட்டே மாதம். இந்த நேரத்தில் வேலை போனால் வீட்டில் தலைகாட்ட முடியாது. மேஜையில் மனைவிக்காக வாங்கிய வார இதழ் கிடந்தது. அட்டையில் அவள் உயிரையே விடும் நடிகர். பஞ்சு கடவுளை வேண்டிக்கொண்டு அந்த முகத்தையே வரைந்துவிட்டார்.

மறுநாளே ஒரு கல்லூரிப் பெண் ஓவியத்தின் முன் நின்று கூச்சல் போட்டாள்.

"ஐயோ, அச்சு அசலா நம்ம ஹீரோடி!"

படம் போன் போனாகப் பரவியது. "மறுபிறவியா?" என்று கேட்டது ஒரு சேனல். அதுவரை ஈ ஓட்டிக்கொண்டிருந்த அருங்காட்சியகத்தில் வாசல்வரை வரிசை. மனைவியும் வந்து பார்த்துக் கண் கலங்கினாள்.

"அதே கண்ணுங்க! முந்நூறு வருஷமாகியும் மாறவே இல்ல பாருங்க!"

"எப்படி மாறும்?" என்றார் பஞ்சு.

முக ஒற்றுமையைக் கெடுத்தால்தான் தப்பிக்க முடியும். விடுமுறை நாளில் வந்து மந்திரிக்கு அடர்த்தியாக ஒரு தாடி வைத்தார்.

"என்னய்யா இது, திடீர்னு தாடி?" என்றார் மேலதிகாரி.

"அழுக்குக்குள்ள மறைஞ்சிருந்தது சார். துடைச்சேன், வெளிய வந்துடுச்சு."

அந்த வெள்ளிக்கிழமை நடிகரின் புதுப்படப் போஸ்டர் வந்தது. முகம் நிறையத் தாடி. வரிசை தெருமுனையைத் தாண்டியது.

மேலதிகாரிக்குத் தலைகால் புரியவில்லை. "பெரிய நிபுணர் ஒருத்தரை வரச்சொல்லிட்டேன். படம் அசல்னு அவர் ஒரு கையெழுத்து போட்டா போதும், எவனும் வாயத் திறக்க முடியாது!"



வந்தவருக்கு எண்பது வயது இருக்கும். பூதக்கண்ணாடியை வைத்துத் தாடி, மூக்கு, கண் என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். அதற்குள் பஞ்சு மனசுக்குள் ராஜினாமாக் கடிதத்தையே எழுதி முடித்திருந்தார்.

"அசல்தான். சந்தேகமே வேண்டாம்" என்று நிபுணர் கையெழுத்துப் போட்டார். மேலதிகாரி துள்ளிக் குதித்துக்கொண்டு காபி சொல்ல ஓடினார்.

பஞ்சுவுக்கு நிம்மதியில் அழுகையே வந்துவிட்டது. ஆனால் அந்தப் பெரியவரை ஏமாற்ற மனசு வரவில்லை.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. மந்திரியோட முகத்தை நான்தான் அழிச்சிட்டேன்..."

பெரியவர் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாதீங்க தம்பி. நீங்க அழிச்சது மந்திரியை இல்ல, நாப்பது வருஷத்துக்கு முன்னாடி இதே ரூம்ல நான் அவசர அவசரமா வரைஞ்சு வச்ச எங்க காலத்து ஹீரோவை!"