படுத்துப் பார்த்துப் போட்ட கூரை

உலகத்திலேயே வீட்டுக்குக் கூரையைப் படுத்துக்கொண்டே தேர்ந்தெடுத்த ஒரே மனிதர் எங்கள் தெருவில்தான் இருந்தார். ஊருக்கே அவர் ஆபரேட்டர். டூரிங் டாக்கீஸில் தொடங்கி டவுன் தியேட்டர் வரைக்கும் படம் ஓட்டியவர். படம் ஒழுங்காக ஓடும்வரை அப்படி ஒரு ஆள் இருப்பதே யாருக்கும் தெரியாது. கொஞ்சம் மங்கினால் போதும், தரை டிக்கெட்டும் பால்கனியும் சாதி மதம் மறந்து ஒரே குரலாகும்: "டேய் ஆபரேட்டரே!" அதற்குப் பின்னால் வருவதைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு லென்சைத் திருகுவார். "தெரியுதா?" என்று சின்ன ஓட்டை வழியாக இருட்டைப் பார்த்துக் கேட்பார். இருட்டு ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

அவர் மனைவிக்கு வாதம் வந்தது. இடது பக்கம் முழுவதையும் எடுத்துக்கொண்டு நாக்கை மட்டும் விட்டுவைத்தது.

"அதையும் சேத்து எடுத்திருந்தா நான் பொழச்சிருப்பேன்" என்பார் ஆபரேட்டர்.

"வெளிய ஊரே திட்டுது. வூட்ல ஒரு ஆள் வேணாமா?" என்பார் அந்த அம்மா.

வாடகைக்கு இருந்த சந்து வீட்டில் நாலு பக்கமும் சுவர். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் தீபம் ஏறும். ஊரே மாடியில் நின்று அரோகரா போடும். அந்த அம்மா கட்டிலில் கிடந்து ஒட்டடையைப் பார்ப்பார். ஒரு வருஷம் சொன்னார்: "படுத்த எடத்துலருந்து ஒரு தபா தீபத்தைப் பாத்துட்டா போதுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்." அடுத்த கார்த்திகையைப் பற்றி டாக்டர் எதுவும் உறுதியாகச் சொல்லவில்லை.

அப்படித்தான் கோயிலின் மேற்கு வாசலான பே கோபுரத்துக்கு அந்தப் பக்கம், என் வீட்டுக்கு எதிரில், ஆபரேட்டரின் நாலு சுவர் எழும்பியது. எழும்பியதோடு நின்றது. ஜன்னல் வைத்தால் பின்வீட்டுச் சுவர்தான் தெரியும். மலை வர வேண்டுமென்றால் மேலே இருந்துதான் வர வேண்டும். கூரையில்லாத வீட்டுக்குள் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, அதில் மல்லாந்து, வானத்தில் ஒரு குச்சியை நீட்டி ஒரு கண்ணை மூடிக்கொண்டு அளப்பார். மலைமேல் இருந்த குரங்குகள்கூட இறங்கி வந்து சுவரில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன.

கீழ்பென்னாத்தூரிலிருந்து மச்சான் வந்தார். "கீத்து போடு மாமா. செலவு கம்மி, குளிர்ச்சி ஜாஸ்தி."

"கீத்து ஒழுகினா உங்க அக்கா நனைவா. ஒழுகலைன்னா அவளுக்கு மலை தெரியாது. நீ சாப்ட்டுட்டுக் கெளம்பு."

சிமெண்ட் ஷீட்டைச் சொன்னவருக்கு அந்த மரியாதையும் கிடைக்கவில்லை. கடைசியில் மேஸ்திரி வாயைத் திறந்தார். எங்கள் பக்கம் காங்கிரீட் தளம் போட்ட வீட்டுக்கு மெத்தை வீடு என்று பெயர்.

"மெத்தையா போட்ருங்க சார். மேல ஏறி நின்னா தீபம் கண்ணுக்கு நேரா."

"ஏறுறது யாரு?"

"நீங்கதான்."

"அவ?"

மேஸ்திரி கரண்டியைப் பார்த்தார்.

"அவ ஏற்கெனவே மெத்தையிலதான்யா இருக்கா. எறங்கத்தான் முடியல."

சிரித்துவிட்டோம். சிரித்த பிறகு யாரும் யாரையும் பார்க்கவில்லை.

முடிவில் ஓடு. அதில் ஒன்று கண்ணாடி ஓடு. சமையலறையில் வெளிச்சத்துக்குப் போடுவார்களே, அது. கட்டிலில் அந்த அம்மாவுக்குப் பதிலாக நான். புதுசாகக் கல்யாணமானவன், மனைவி வாசலில் நின்று பார்க்க, பட்டப்பகலில் எதிர்வீட்டில் மல்லாந்திருந்தேன். ஆபரேட்டர் கூரைமேல்.

"தெரியுதா?"

"இல்ல!"

"இப்ப?"

"கொரங்கு தெரியுது!"

தெருவில் போனவர்கள் டி.வி. ஆன்டெனா திருப்புகிறார் என்று நினைத்தார்கள். "எங்களுக்கும் சேத்துத் திருப்புங்க சார்" என்று கேட்டுக்கொண்டு ஒருவர் போனார். பொழுது சாயும் நேரத்தில் ஒரு சதுரக் கண்ணாடிக்குள் மலை உச்சி வந்து உட்கார்ந்தது. "தெரியுது!" என்று கத்தினேன்.

குடிபோன அன்று அந்த அம்மாவைத் தூக்கிவந்து கட்டிலில் கிடத்தினோம். அண்ணாந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே சுருங்கியது.

"காலு எந்தப் பக்கம் இருக்குது?"

கால் மலையைப் பார்த்து நீண்டிருந்தது.

"சாமிக்குக் காலை நீட்டிக்கினா சாமி பாக்கறது? திருப்புங்க என்னை!"

எங்கள் ஊரில் மலைதான் சாமி. நானும் ஆபரேட்டரும் மாற்றி மாற்றி அந்தச் சாமிக்குக் காலை நீட்டிப் படுத்திருந்தோம். இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. திருப்பினால் தலை மலைப் பக்கம், பார்வை வெறும் ஓட்டில். கார்த்திகைக்கு இருந்ததோ சில நாள்தான். ஆபரேட்டர் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கேயோ போனார். சலூன் கண்ணாடி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு திரும்பினார்.

தீபத்தன்று காலையிலிருந்தே மலைமேல் மேகம். தெரு மொத்தமும் மாடி ஏறியது. நான் ஏறவில்லை. ஆபரேட்டர் வீட்டில் லைட்டெல்லாம் அணைத்திருந்தது. "ஷோ நேரத்துல லைட்டு எரியலாமா?" திருப்பிப் போட்ட கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஓட்டில் தெரியும் உச்சி அதில் விழும்படி கண்ணாடியை மார்புக்கு நேரே பிடித்திருந்தார்.

"தெரியுதா?"

"மேகம்."

வெளியே ஊர் ஒரே குரலாக எழுந்தது. அரோகரா.

"இப்ப?"

கண்ணாடியை ஒரு விரல்கடை சாய்த்தார். "இப்ப தெரியுதா?"

"ஆட்டாதீங்க" என்றார் அந்த அம்மா. குரல் வேறாக இருந்தது. "அப்படியே புடிங்க."

பிடித்தார். கண்ணாடிக்குப் பின்னால் நின்றவருக்குத் தீபம் தெரியவில்லை. அதைப் பார்க்கும் முகம் மட்டும்தான் தெரிந்தது. தீபம் எரிந்த நாளெல்லாம் அங்கே மாலைக் காட்சி நடந்தது.

பங்குனியில் அந்த அம்மா போய்விட்டார்.

"இனிமே மெத்தை போட்டுக்கலாமே மாமா, கொரங்கு ஆடி ஓடெல்லாம் ஒடையுது" என்றார் மச்சான். "ஒடைஞ்சா மாத்திக்கலாம்" என்றார் ஆபரேட்டர். அவ்வளவுதான்.

அடுத்த கார்த்திகைக்கு மனைவியோடு மாடியில் நின்றேன். தீபம் ஏறியது. அரோகரா எழுந்து அடங்கியது. அடங்கிய இடத்தில், கீழே இருட்டாய்க் கிடந்த ஓட்டு வீட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"தெரியுதா?"

பக்கத்து மாடியில் யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள். ஆயுசு முழுக்க மங்கினபோதெல்லாம் அவரைக் கூப்பிட்டிருக்கிறோம். தெளிவாகத் தெரிந்தபோது ஒரு தடவையாவது கூப்பிட்டுச் சொன்னோமா? கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் வாயருகே குவித்தேன்.

"ஆபரேட்டரே! நல்லா தெரியுது!"

கொஞ்ச நேரம் கழித்து அந்த வீட்டில் லைட் எரிந்தது.